றெஜியின் இடது கால்

ஒரு வாலிபனின் இடது காலுக்காகப் பதினான்கு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து ஆஸ்திரேலியா போனவன் நான். சொன்னால் சிரிப்பார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. "அந்தக் காலு எப்படியோ இருக்கட்டும், உங்க காலுக்கு ரெண்டு ஜோடி சாக்ஸ் கூட எடுத்துக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் திருநெல்வேலிக்காரன். புள்ளியியல் படிக்க அமெரிக்கா போன இடத்தில், பல்கலைக்கழக அணியின் ஆட்ட வீடியோக்களை வெட்டி ஒட்டும் பகுதிநேர வேலையில் சேர்ந்து, அதிலேயே கிடந்து, கடைசியில் ஒரு தொழில்முறை அணியின் வீடியோ அறைக்கு வந்து சேர்ந்தேன். விளையாட்டு, அமெரிக்க ஃபுட்பால். பந்தைக் காலால் உதைப்பதே அபூர்வம், ஆனாலும் பெயர் ஃபுட்பால். ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்கே எரிச்சல் வரும்.

அதில் பந்தை எறிகிறவனுக்கு முன்னால் ஐந்து தடியர்கள் வரிசையாக நிற்பார்கள். அவர்கள் பந்தைத் தொடுவதில்லை. எதிரணிக்காரன் பாய்ந்து வரும்போது மார்பைக் கொடுத்து மறிப்பதுதான் வேலை. ஒழுங்காக மறித்தால் யாருக்கும் அவர்கள் பெயர்கூடத் தெரியாது. ஒரு தடவை தவறினால் பின்னால் நிற்கிறவன் ஸ்ட்ரெச்சரில் போவான். வருஷா வருஷம் ஏப்ரலில், கல்லூரியில் ஆடுகிற பையன்களை எல்லா அணிகளும் முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பெயர் டிராஃப்ட். தப்பான ஆளை எடுத்தால் அந்த முறை போனது போனதுதான்.

அந்த வருஷப் பட்டியலில் றெஜினோல்ட் அருளப்பு என்று ஒரு பெயர். நான் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஓடினேன். அருளப்பு என்றால் தமிழன் அல்லவா? சிட்னியில் வளர்ந்து, இப்போது அமெரிக்கக் கல்லூரியில் ஆடும் இலங்கை மன்னார்ப் பையன், ஆறடி ஐந்தங்குலம், நூற்று நாற்பது கிலோ, முன்வரிசைத் தடுப்பாளன். இருபது வருஷமாக இந்த விளையாட்டைப் பார்க்கிறேன், நம்மாள் ஒருவனை அந்த வரிசையில் பார்ப்பேன் என்று கனவில்கூட நினைத்ததில்லை. அவன் ஆடிய அத்தனை டேப்புகளையும் மூன்று நாளில் பார்த்து முடித்தேன். பையன் அற்புதம்! ஆனால் ஒரு சிக்கல். மோதுவதற்கு முந்தின கணம் இடது காலை அரை அடி வெளியே நகர்த்தி, விரல்களை வெளிப்பக்கம் திருப்பி வைக்கிறான். எந்தப் பயிற்சியாளரும் அப்படிச் சொல்லிக் கொடுப்பதில்லை.

என் மேலதிகாரி வால்டர் அதைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். முட்டியில் அறுவைச் சிகிச்சை ஆனவன்தான் இப்படிக் காலை வைப்பான் என்றார். அதோடு, பதினேழாவது வயதில் ஒரு வருஷம் றெஜி எந்த மைதானத்திலும் இல்லை. எங்கே இருந்தான் என்று காகிதத்தில் எதுவும் கிடையாது. பையனைக் கேட்டால் குடும்ப விஷயம் என்று வாயை மூடிக்கொள்கிறான்.

வால்டர் என்னைப் பார்த்தார். "போய் அந்த வருஷத்தைக் கண்டுபிடி. முட்டிதான் என்றால் பெயரை அடித்துவிடுவோம். ஆனால் அணியைப் பற்றி மூச்சு விடாதே. மோப்பம் பிடித்தால் மற்ற அணிகளும் வந்துவிடும்."

அடிப்பதா வேண்டாமா என்பது என் அறிக்கையில் இருக்கிறது.

சிட்னியில் மார்ச் மாதம் இன்னும் வெயில் குறையவில்லை. ரயிலுக்கு மாடி இருந்தது. சின்னப் பிள்ளை மாதிரி மாடியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். றெஜி வளர்ந்த குவேக்கர்ஸ் ஹில் போக வேண்டும். பிளாக்டவுனில் பாதை இரண்டாகப் பிரியும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து, பூட்ஸில் சுண்ணாம்பு அப்பிய ஒரு தொழிலாளி, நான் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, "நீ போக வேண்டிய ஊர் வேறு தண்டவாளத்தில் இருக்கிறது, நண்பா" என்றார். பென்ரித்தில் இறங்கினேன். திருநெல்வேலியில் தப்பான பஸ்ஸில் ஏறினால் ஆறு பேர் சேர்ந்து திட்டி இறக்கிவிடுவார்கள். இங்கே எல்லோரும் மரியாதையாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பும் ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட சூடான மீட் பை ஒன்று வாங்கிக் கடித்தேன். உள்ளே இருந்த குழம்பு நேராக என் சட்டையில் இறங்கியது.

கறைச் சட்டையோடுதான் றெஜியின் பழைய ரக்பி பயிற்சியாளர் கிரெக்கைப் பள்ளிக்கூட மைதானத்தில் பார்த்தேன். ஒல்லியான மனிதர், மூக்கில் வெள்ளைக் களிம்பு. ரக்பியிலிருந்துதான் றெஜி எங்கள் ஆட்டத்துக்கு வந்தான். பதினேழு வயதில் திடீரென்று மெல்பர்ன் போகிறேன் என்று வந்து நின்றானாம், காரணம் சொல்லவில்லையாம். ஒரு வருஷம் கழித்துத் திரும்பினான்.

"கால் இரண்டும் மரம் மாதிரி ஆகியிருந்தது. ஆனால் இடது காலை ஒரு மாதிரி வைத்தான். நானும் எத்தனையோ தடவை திருத்திப் பார்த்தேன், மாறவில்லை."

போகும் முன்னால் அந்தக் கோணல் இல்லை, வந்த பின்னால் இருக்கிறது.

மறுநாள் அக்கம்பக்கம் விசாரிக்கப் போனேன். றெஜியின் அப்பா காலமாகிவிட்டார். அம்மா, போர் நிறுத்தக் காலம் என்பதால் பல வருஷம் கழித்து மன்னாருக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டில் பிலோமினா அன்ரி என்ற மன்னார்க்காரப் பெண்மணி. வால்டரின் கட்டளைப்படி அணியைப் பற்றி மூச்சுவிடாமல், "அமெரிக்காவுலேர்ந்து வர்றேன். றெஜி விஷயமா நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டுப் போகலாம்னு" என்றேன், ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு.

அன்ரியின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "வாங்கோ, வாங்கோ, இருங்கோ" என்று நல்ல கதிரையை இழுத்துப் போட்டார். அந்த வரவேற்பைப் பார்த்து நான் பூரித்துப் போனேன். இலங்கைத் தமிழர்கள் விருந்தோம்பலில் நம்மைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள் என்று நோட்டில்கூட எழுதினேன். உள்ளே கறி வைத்துப் பொரித்த பற்றிஸ் வந்தது, றோல்ஸ் வந்தது, தேத்தண்ணி வந்தது. நான் வேதமா சைவமா என்று கேட்டார். கிறிஸ்தவனா இந்துவா என்று கேட்கிறார் என்பது புரியாமல், எல்லாம் சாப்பிடுவேன் என்றேன். அன்ரி கொஞ்சம் யோசித்துவிட்டு, அதெல்லாம் இந்தக் காலத்தில் பெரிசில்லை என்றார்.

நான் என் கேள்விகளைக் கேட்டேன். குடிப்பானா? கூடாத சேர்க்கை உண்டா? கோபக்காரனா? உடம்பில் ஏதாவது பழைய குறை? எல்லாவற்றுக்கும் அன்ரி கேட்டு முடிப்பதற்குள் பதில் சொன்னார். குடி இல்லை, சிகரெட் இல்லை, ஞாயிறு பூசை தவறாதவன், தங்கமான பிள்ளை. பெட்டியிலிருந்து கோட்டுப் போட்ட அவன் படம் ஒன்றையும் எடுத்துத் தந்தார். பிறகு நான் அந்த மெல்பர்ன் வருஷத்தைப் பற்றிக் கேட்டேன்.

அன்ரியின் கை பற்றிஸ் தட்டிலேயே நின்றது. "அது சும்மா மாமா வீட்டை போய் நிண்டவன். படிக்க."

அதே தெருவில் இன்னும் மூன்று தமிழ் வீடுகளில் கேட்டேன். எல்லோரும் தங்கமான பிள்ளை என்றார்கள். அந்த வருஷம் மட்டும் ஒரு வீட்டில் கொம்பியூட்டர் படிப்பாக இருந்தது, அடுத்த வீட்டில் மாமாவின் கடை உதவியாக இருந்தது, மூன்றாவது வீட்டில் அப்படி ஒரு வருஷமே இல்லை என்றார்கள். ஊரே சேர்ந்து எதையோ மூடுகிறது! திரும்பிப் போகும்போது பிலோமினா அன்ரி வாசலில் வந்து, மெல்பர்னில் மல்கிரேவ் என்ற இடத்தில் இருக்கும் றெஜியின் மாமாவின் விலாசத்தைத் தந்தார். தானே அவர்களுக்கு ஃபோன் எடுத்துச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். அவ்வளவு நல்ல மனசு.

ஃபோன் கார்டைச் சுரண்டி வால்டரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஊரே மறைக்கிறது என்றால் முட்டிதான். மெல்பர்னில் ஆஸ்பத்திரி பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு வா" என்றார். எனக்கு அழுகை வராத குறை. அந்தப் பையனை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் டேப்பில் அவன் விழுகிற ஒவ்வொரு தடவையும் என் முட்டி வலித்திருக்கிறது.

மெல்பர்னில் கார் வாடகைக்கு எடுத்தேன். அமெரிக்காவில் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டிப் பழகியவனுக்கு இங்கே எல்லாம் மாறியிருந்தது. திரும்புவதற்கு விளக்குப் போட்டால் கண்ணாடி துடைக்கிற கம்பி ஆடியது. மழையே இல்லாத நாளில் துடைத்துக்கொண்டே போனேன். வழி தப்பி நகரத்துக்குள் நுழைந்துவிட்டேன். அங்கே ஒரு விசித்திரச் சட்டம்: சில சந்திகளில் வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடது ஓரத்துக்குப் போய், நடுச்சந்தியில் காத்து நின்று, சிக்னல் மாறும்போது திரும்ப வேண்டும். டிராமுக்கு வழி விடுவதற்காம். நான் நேராக டிராம் தண்டவாளத்தில் போய் நின்றேன். பின்னால் டிராம் மணி அடித்தது. பக்கத்தில் நின்ற சைக்கிள்காரி குனிந்து, "நீங்கள் செய்வது தப்பு, ஆனால் துணிச்சலான தப்பு" என்றாள். மதுரையில் இதே வேலையைச் செய்திருந்தால் என் பரம்பரையையே இழுத்திருப்பார்கள்.

மல்கிரேவ் அமைதியான இடம். ஒரு பக்கம் கண்ணாடி அலுவலகங்கள், உள்ளே போனால் செங்கல் வீடுகள், வெட்டிய புல். கதவைத் திறந்தவர் ஜெசிந்தா மாமி, றெஜியின் அம்மாவுடைய அண்ணன் சேவியரின் மனைவி. சேலை கட்டி, பவுடர் போட்டு, ஏதோ விசேஷத்துக்குக் கிளம்பினவர் மாதிரி நின்றார். ஹாலில் பூச்சாடி. தவக்கால வெள்ளிக்கிழமை என்பதால் இறைச்சி இல்லை, குறை நினைக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மீன் கட்லற்றைக் கொண்டுவந்து வைத்தார். சேவியர் எங்கே என்று கேட்டேன், வெளியே போயிருக்கிறார் என்றார். ஹாலின் கடைசியில் ஒரு கதவு சாத்தியிருந்தது. மாமியின் கண் அடிக்கடி அங்கே போய் வந்தது.

நான் சுற்றி வளைக்கவில்லை. றெஜி இங்கே இருந்த வருஷம் முட்டியில் ஆப்பரேஷன் ஏதாவது நடந்ததா என்று நேராகக் கேட்டேன்.

மாமி விறைத்துப் போனார். "ஆர் உங்களுக்குச் சொன்னது? அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் இல்லை."

வருத்தம் என்றால் அவர்கள் பேச்சில் வியாதி. முடிந்தது கதை என்று நினைத்தேன். இவ்வளவு கோபம் வந்தால் வேறு என்ன அர்த்தம்? ஃபைலை மூடிக்கொண்டு எழுந்தேன். மாமி பதறிப்போய் முன்னால் வந்தார்.

"கோவிக்காதேங்கோ தம்பி. தவக்காலத்தில நாங்கள் கலியாணப் பேச்சு எடுக்கிறேல்லை. பொம்பிளையின்ர படத்தைத் தந்திட்டுப் போங்கோ. ஈஸ்டர் முடியட்டும், பேசுவம்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வெளிநாட்டிலிருந்து ஒருவன் ஃபைலும் கையுமாக வருகிறான். பையனைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும் என்கிறான். குடிப்பானா, சேர்க்கை எப்படி, வியாதி உண்டா என்று வீடு வீடாகக் கேட்கிறான். திருநெல்வேலியில் பிறந்து, என் அக்காவின் கல்யாணத்துக்கு நானே இதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டு தூத்துக்குடித் தெருக்களில் அலைந்தவன். எனக்கு இது உறைக்க நான்கு நாள் ஆகியிருக்கிறது! பற்றிஸ், றோல்ஸ், கோட்டுப் படம், எல்லாம் பெண் வீட்டாருக்கு. விருந்தோம்பலாம், நோட்டில் வேறு எழுதினேன்.

வால்டரின் கட்டளையைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். அணி, டிராஃப்ட், டேப், இடது கால், எல்லாவற்றையும் மாமியிடம் கொட்டினேன். முட்டி கெட்டிருந்தால் பையனின் பெயரை அடித்துவிடுவார்கள் என்றும், அதை அடிக்கப் போகிற கை என்னுடையது என்றும் சொன்னேன். மாமி வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப நீங்கள் பந்தடிக்கு ஆள் பார்க்க வந்தனீங்களோ?"

நான் தலையாட்டுவதற்குள், சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. சொற்கள் கொஞ்சம் இழுபட்டு வந்தன.

"ஜெசிந்தா, கதவைத் திற. அவரை இஞ்சால வரச் சொல்லு."

மாமி என்னைப் பார்க்காமல் போய்க் கதவைத் திறந்தார். கட்டிலில் ஒரு பெரிய மனிதர், தோள் அகலமாக, சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் செயலற்றுக் கிடந்தது. பக்கத்தில் சக்கர நாற்காலி. அவர்தான் சேவியர். றெஜிக்குப் பதினேழு வயதாக இருக்கும்போது அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்துவிட்டது. நான் போகிற வரைக்கும் இருமக்கூடாது என்று அவ்வளவு நேரமும் அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்குக் கூச்சத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மனுஷன் தன் சொந்த வீட்டில் எனக்குப் பயந்து ஒளிந்திருக்கிறார்.

"இவளை ஏசாதேங்கோ. நான்தான் கதவைச் சாத்தச் சொன்னனான்" என்றார். "தாய்ப் பக்கத்தில வாதம் எண்டால் பொம்பிளை வீட்டார் யோசிப்பினம். என்னால அவன்ர வாழ்க்கை கெடப்படாது."

பிறகு அவரே சொன்னார். மாமிக்குத் தொழிற்சாலையில் பகல் வேலை, விட முடியாது. பிள்ளைகள் இல்லை. தொண்ணூறு கிலோ ஆளைத் தூக்க வீட்டில் யாருமில்லை, முதியோர் இல்லத்தில் விடச் சொன்னார்கள். அந்த வாரமே றெஜி புத்தகப் பையோடு வந்து வாசலில் நின்றான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, அங்கிருந்து காருக்கு, ஒரு நாளைக்கு எட்டுத் தரம், பத்துத் தரம். சேவியர் கைப்பிடியைப் பிடித்துத் தானே மாறி உட்காரப் பழகும் வரைக்கும், ஒரு வருஷம்.

"முதல் நாள் என்னை விழுத்திப் போட்டான். அழுதான். அடுத்த நாள் கடைக்குப் போய் ஒட்டுற ரேப் வாங்கி வந்து நிலத்தில ஒட்டினவன். அதுக்குப் பிறகு ஒருக்காலும் விழேல்லை."

அவர் இடது கையால் கீழே காட்டினார். கட்டிலுக்குப் பக்கத்தில், தேய்ந்து ஓரம் கிழிந்த நீல நிற ஒட்டு நாடா, இரண்டு பாதங்களின் அளவுக்கு. வலது பாதம் நேராக இருந்தது. இடது பாதம் அரை அடி வெளியே, விரல்கள் வெளிப்பக்கம் திரும்பி.

குளியலறைக்கு ஓடினேன், அங்கேயும் அதே நீலப் பாதங்கள். கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன், சிமெண்டில் அதே பாதங்கள். டேப்பில் ஆயிரம் தடவை பார்த்த அதே இடது கால்! மாமி பின்னாலேயே வந்து, இவர் விடாததால்தான் அதைக் கழட்ட முடியவில்லை, சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டியிருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். நான் காதில் வாங்கவில்லை.

"ஒருக்கா என்னைத் தூக்கிப் பாரும்" என்றார் சேவியர்.

செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நீலப் பாதங்களில் நின்றேன். முட்டியை மடித்து இறங்கச் சொன்னார். இறங்கியதும் புரிந்தது. எதிரே இருக்கிறவரின் வலுவில்லாத வலது முட்டிக்கு என் இடது முட்டி தானாகவே அணை கொடுத்தது. கால் அப்படித் திரும்பியிருந்தால்தான் அது முடியும். அவர் எழுந்தார், என் மேல் சாய்ந்தார். எனக்கு இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது, ஆனால் அவர் சரியவில்லை. நாற்காலியில் உட்கார வைத்ததும் நான் கையைத் தட்டிக்கொண்டு குதித்தேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், ஒளித்து என்ன?

அவர்கள் வீட்டு ஃபோனிலேயே வால்டரைக் கூப்பிட்டேன். முட்டியில் ஒன்றுமில்லை என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். "மாமா எத்தனை கிலோ?" என்று கேட்டார் வால்டர். தொண்ணூறு என்றேன். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை?" சொன்னேன். "அந்தக் காலை யாரும் திருத்தக்கூடாது என்று அறிக்கையில் எழுது" என்றார்.

அன்று ஹாலில் சாப்பிட்டோம். சோறு, மீன் குழம்பு, சொதி. சேவியர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, விருந்தாளிகள் உட்காரும் இடத்தில், வாசலைப் பார்த்தபடி இருந்தார். அறைக் கதவை யாரும் சாத்தவில்லை. கிளம்பும்போது மாமி என் கையில் கட்லற் பொதியைத் தந்து, பந்தடி பந்தடியாக இருக்கட்டும், எனக்குத் தெரிந்த இடத்தில் நல்ல பொம்பிளை இருந்தாலும் சொல்லச் சொன்னார்.

ஏப்ரலில், டிராஃப்டின் இரண்டாம் நாள், ஐந்தாவது சுற்றில் எங்கள் முறை வந்தது. வால்டர் என்னைப் பார்த்துவிட்டு அந்தப் பெயரைச் சொன்னார். றெஜினோல்ட் அருளப்பு. நான் அறையிலிருந்து வெளியே ஓடி மல்கிரேவுக்கு ஃபோன் செய்தேன். மாமி கத்திய கத்தலில் ஃபோன் கை மாறியது. சேவியர் நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த ஊர், குளிரா, பூசைக்குப் போகக் கோயில் உண்டா. கடைசியில், றெஜி யாருக்கு முன்னால் நிற்கப் போகிறான் என்று கேட்டார். பந்தை எறிகிற பையன், இருபத்துமூன்று வயது, போன வருஷம் இரண்டு தடவை தோளில் அடிபட்டவன், இப்போதெல்லாம் எறியும் முன் பயந்து பயந்து திரும்பிப் பார்க்கிறான் என்றேன்.



"அந்தப் பிள்ளையிட்டச் சொல்லும், இனித் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை எண்டு" என்றார் சேவியர். "நான் ஒரு வருசம் அவன்ர கையில இருந்தனான்."